உடைந்த பீங்கான் யாருடைய வீட்டில் இருக்க வேண்டும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் அது பதிவாகியிருக்கிறது. நாயகம் அவர்கள் தமது மனைவியருள் ஒருவரின் வீட்டில் இருந்த வேளை, வேறொரு மனைவியார் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பிவைத்தார். வீட்டுக்குரியவருக்கு ரோசம் வந்துவிட்டது. கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிட்டார். பாத்திரம் விழுந்து உடைந்தது. நாயகம் அவர்கள் யாரையும் ஏசவில்லை. துண்டுகளைத் தாமே பொறுக்கிச் சேர்த்தார்கள். சிந்திய உணவையும் அதிலேயே அள்ளி வைத்தார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்த முழுப் பாத்திரம் ஒன்றை எடுத்து, யாருடையது உடைந்ததோ அவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்ததை, அது எந்த வீட்டில் உடைந்ததோ அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பிறர் பொருளுக்கு ஏற்படுத்திய சேதத்தை ஈடுசெய்வது பற்றிப் பேசும்போது சட்ட அறிஞர்கள் இந்த ஹதீஸை எடுத்தாள்வார்கள். பொருளுக்குப் பொருள் கொடுப்பதா, விலை கொடுப்பதா என்று அவர்கள் விவாதிப்பதும் உண்டு. எனக்கு அதற்கு அப்பாலும் ஒன்று தெரிகிறது. முழுமையானது இழந்தவரிடம் போயிற்று. உடைசல் உடைத்தவரிடம் தங்கிற்று. ஒரு வீட்டுக்குள் நடந்த இந்த எளிய பங்கீட்டை உலகத்தின் பெரிய மாளிகைகளில் தேடிப் பார்த்தால் அது நேர்மாறாக நடந்திருப்பதைக் காண்கிறோம். சீனப் பேரரசர்களின் பீங்கான் கலங்களைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான்.

சீனத்தின் ஜிங்டெஜென் நகரில் மிங் வம்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே பேரரசருக்கென்று தனிச் சூளைகள் இருந்தன. அங்கே செய்யப்பட்டவற்றுள் மிகவும் புகழ்பெற்றவை வண்ணப் பூச்சு மெருகேற்றிய கலங்கள். சிவப்பு, மஞ்சள், வான்நீலம், மயிலின் கழுத்து நிறம் என்று ஒவ்வொன்றும் ஓர் உலோகத்தின் வேலை. செம்பு சிவப்பைத் தரும். இரும்பு மஞ்சளைத் தரும். கோபால்ட் நீலத்தைத் தரும். இவற்றுள் செம்பின் சிவப்பு மிகக் கடினமானது. 1300 பாகை சென்டிகிரேட்டை எட்டும் சூட்டில் செம்பு ஆவியாகிப் பறந்துவிடும். சூளைக்குள் காற்றின் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறமோ ஈரலின் கறுப்போதான் கிடைக்கும். ஷுவாந்தே பேரரசரின் காலத்தில் (1426 – 1435) இந்தச் சிவப்பு அதன் உச்சத்தைத் தொட்டது. பின்னர் வந்தவர்கள் அதை மீண்டும் பெறுவதற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

இவ்வாறு அடுக்கப்பட்ட கலங்களில் தேறியவை அரண்மனைக்குப் போயின. தேறாதவை என்னவாயின? வெளியே விற்கக்கூடாது, வேலைசெய்த குயவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. அவற்றை உடைத்துச் சூளை வளவுக்குள்ளேயே புதைத்தார்கள். 1980களிலிருந்து அங்கே நடந்த அகழ்வுகளில் அந்தக் குழிகள் குழி குழியாக வெளிப்பட்டன. துண்டுகளைப் பொருத்தி ஒட்டிய கலங்களை இன்று அந்நகரின் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அவற்றுட் சிலவற்றில் என்ன குறை இருந்தது என்பதை இப்போது பார்க்கிறவர்களால் கண்டுபிடிக்க முடிவதில்லை. குறைந்த பட்சக் குறையுள்ள அழகுகூட மற்றவன் கையில் இருக்கக்கூடாது என்பதே அந்த உடைப்பின் பொருள்.

பின்னர் வந்த சிங் வம்சத்தினர் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள். உள்ளும் புறமும் மஞ்சளான கிண்ணம் பேரரசர், அவருடைய தாயார், பட்டத்தரசி ஆகியோருக்கு மட்டும். வெளியே மஞ்சளும் உள்ளே வெள்ளையுமானது அடுத்த தரத்து மனைவிக்கு. மஞ்சளில் பச்சை டிராகன் வரைந்தவை அதற்கும் அடுத்த தரங்களுக்கு. ஒரு பெண் சோறு உண்ணும் கிண்ணத்தைப் பார்த்தே அவள் மன்னனின் மனத்தில் எத்தனையாவது படியில் நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் ரோசம் ஒரு பாத்திரத்தை உடைத்தது. அதை நாயகம் அவர்கள் பொறுக்கிச் சரிசெய்தார்கள். இன்னொரு வீட்டில் ரோசத்தையே நிறம் நிறமாகப் பிரித்துச் சட்டமாக்கிப் பாத்திரத்தின் மேல் பூசினார்கள்.

இங்கே ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். மிங் பேரரசருள் ஒருவரான ஜெங்தே (1506 – 1521) அரபு, பாரசீக எழுத்துகள் பொறித்த கலங்களைச் செய்வித்தார். திருக்குர்ஆன் வசனங்கள் எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. நம்மவர்கள் இதைப் பெருமையாக எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் எழுத்து நம்முடையதாக இருப்பதால் அந்தக் கலத்தின் ஒழுக்கம் நம்முடையதாகிவிடாது. அதன் அடியில் இருந்த முத்திரை அரசருடையதுதான்.

அப்படியானால் விலையுயர்ந்த பாத்திரத்தைப் பற்றி நமது மார்க்கம் என்ன சொல்கிறது? பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. மற்றவை? ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (இறப்பு 1277) தமது ‘மின்ஹாஜ்’ நூலில் மாணிக்கம் போன்ற அரிய பொருளாலான பாத்திரத்தைப் பயன்படுத்துவது வலுவான கருத்தின்படி ஆகுமானது என்கிறார். பொருளின் மதிப்பால் அல்லாமல் வேலைப்பாட்டின் மதிப்பால் உயர்ந்த பாத்திரங்களில் கருத்து வேறுபாடே இல்லை என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். பீங்கான் இந்த இரண்டாவது வகை. களிமண்தானே அதன் மூலப்பொருள்.

பொன்னும் வெள்ளியும் ஏன் கூடாது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் என்னை நிறுத்தியது. ஒன்று, அதில் பெருமையடித்தல் இருக்கிறது. மற்றது, அதனால் ஏழைகளின் உள்ளம் உடைகிறது. மாணிக்கம் ஏன் ஆகும்? அதன் மதிப்பு விடயமறிந்த சிலருக்கே தெரியும். சாமானியன் அதைக் கண்டால் வெறும் சிவப்புக் கல் என்றெண்ணிக் கடந்து போய்விடுவான். அவன் உள்ளம் உடையாது. பாத்திரம் உடைவதைவிட உள்ளம் உடைவதையே பெரிய சேதமாகக் கருதிய சட்டச் சிந்தனை இது.

இதற்கு யாழ்ப்பாண மண்ணோடு தொடர்புடைய ஓர் உதாரணமும் இருக்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். மன்னனிடம் உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததையும், அதில் அகில் எண்ணெய் இருந்ததையும் எழுதியிருக்கிறார். தாம் வியந்ததையும், இதனிலும் பெரியவை தன்னிடம் உண்டென்று மன்னன் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறார். இப்னு பதூதா ஒரு காழி. சட்டமறிந்த அந்த மனிதரின் கண் கல்லின் மதிப்பைக் கண்டுகொண்டது. மன்னனும் அது கண்டுகொள்ளப்பட வேண்டும் என்றே விரும்பினான். தெரியாதவரை உள்ளம் உடையாது என்ற காரணம், தெரியப்படுத்த விரும்புகிறவனின் முன்னால் எவ்வளவு தூரம் நிற்கும்?

இன்று அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2014 ஏப்ரலில் ஹொங்கொங்கில் நடந்த ஏலமொன்றில் செங்ஹுவா பேரரசர் காலத்து (1465 – 1487) சிறு கிண்ணமொன்று 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் விலைபோனது. அமெரிக்க டொலரில் ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம். சேவலும் கோழியும் குஞ்சுகளும் பல வண்ணத்தில் வரையப்பட்ட, எட்டு சென்டிமீற்றர் அகலமான கிண்ணம் அது. வாங்கியவர் அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. விடயமறிந்த சிலருக்கே மதிப்புத் தெரியும் என்ற நிலை இன்று இல்லை. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு கூலித் தொழிலாளிக்கும் விலை தெரியும். பத்வா சொல்லும் தகுதி எனக்கு இல்லை; சொல்லவும் மாட்டேன். ஆனால் காரணம் மாறியிருக்கும்போது மனச்சாட்சி பழைய அனுமதியின் மேல் சாய்ந்து தூங்கக்கூடாது என்று மட்டும் நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. பேரரசர் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு பிறந்திருக்குமா? நூறு கலத்தை உடைத்து ஒன்றை எடுக்கும் செலவை யார் தாங்குவார்? குறையைப் பொறுக்காத ஒருவனின் பிடிவாதம்தான் கலையை உச்சிக்கு ஏற்றியது. சமத்துவம் பேசுகிறவர்களுக்கு அழகான எதுவும் மிஞ்சாது. இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஷுவாந்தே சிவப்பின் படத்தைப் பார்த்த எவரும் தள்ள மாட்டார்.

ஆனால் பீங்கானின் வரலாறே இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. நாம் சொல்லும் ‘பீங்கான்’ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கிண்ணம் என்று பொருள். சீனத்துக் களிமண்ணுக்குத் தமிழில் பெயர் வைத்தது கடலோடிகளின் நாவு. 14ஆம் நூற்றாண்டில் ஜிங்டெஜென்னில் நீல வெள்ளைக் கலங்கள் பெருகியபோது அதற்கான கோபால்ட் பாரசீக நிலங்களிலிருந்து போயிற்று. அப்போது செய்யப்பட்டவற்றுள் முழங்கையளவு அகலமான பெரும் தட்டுகள் பல. சீனர்கள் தனித்தனிச் சிறு கிண்ணத்தில் உண்பவர்கள். அவர்களுக்கு இவ்வளவு பெரிய தட்டுத் தேவையில்லை. அவை மேற்காசிய முஸ்லிம்களுக்காக, பலர் சுற்றியமர்ந்து ஒரே தட்டில் கைவைத்து உண்பதற்காகச் செய்யப்பட்டவை. கல்யாணத்திலும் கந்தூரியிலும் ஆறு பேரை ஒன்றாக அமர்த்தும் நமது சஹன் இருக்கிறதே, அந்தப் பழக்கம்தான் உலகின் மிக அழகான பீங்கான் வகைகளில் ஒன்றுக்கு அதன் அளவைக் கொடுத்தது. தனித்து உண்பவனின் பிடிவாதம் ஒரு சிவப்பைத் தந்தது உண்மை. சேர்ந்து உண்பவர்களின் பசி ஒரு நீலத்தைத் தந்ததும் உண்மை.

சாதாரண மனிதர் கையிலும் பீங்கான் இருந்தது. சீனத்தில் அதன் விலை தமது நாட்டு மட்பாண்டத்தின் விலையளவே, அல்லது அதிலும் குறைவு என்றும், இந்தியா முதல் மக்ரிப் வரை அது போகிறது என்றும் இப்னு பதூதாவே குறிப்பிடுகிறார். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைக் கடந்து போனால் வேலணைத் தீவில் அல்லைப்பிட்டி வருகிறது. அதன் கரையில் சோங் காலத்துச் சீனக் கலங்களின் துண்டுகள் கிடைப்பதை 1970களில் ஜோன் காஸ்வெல் ஆராய்ந்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினர் இலங்கையின் மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து அகழ்ந்தபோது 600க்கும் அதிகமான துண்டுகள் கிடைத்தன. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுக்குரியவை. பெரும்பாலும் தென்சீனக் கரையோரச் சூளைகளில் ஏற்றுமதிக்கென்று தொகையாகச் செய்யப்பட்டவை. பேரரசர் இவற்றைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இவை ஏதோ ஒரு கரையில் யாரோ சிலர் முன்னால் உணவோடு வைக்கப்படுவதற்காகக் கடல் கடந்தவை.

ஆகவே என் கேள்வி அழகு கூடுமா கூடாதா என்பதல்ல. அழகானதை வைத்திருக்கிறவன் அதைக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதே. இதற்கு ஓர் அரசன் கொடுத்த அரைகுறைப் பதில் எனக்குப் பிடிக்கும். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611இல் தன்னிடமிருந்த சீனக் கலங்களில் 1162ஐ அர்தபீல் நகரில் உள்ள தன் முன்னோரான ஷெய்க் ஸபீயின் தர்காவுக்கு வக்ஃபு செய்தார். ஒவ்வொன்றின் மெருகையும் கீறி, வக்ஃபு என்பதைச் சிறு கட்டத்துக்குள் பொறித்தார்கள். அதில் தன் பெயரையும் சேர்க்காமல் விட அவரால் முடியவில்லை, அரசன் அல்லவா. ஆனாலும் சீன அரசரின் முத்திரை ‘இது என் காலத்தில் ஆனது’ என்கிறது. இந்தக் கீறல் ‘இது இனி என்னுடையது அல்ல’ என்கிறது. ஏலக்காரனின் கண்ணுக்கு அது மெருகில் விழுந்த காயம். என் கண்ணுக்கு அந்தக் கலத்தில் மிக அழகான இடம் அதுதான்.

இவ்வளவும் ஏட்டில் படித்தது. ஏட்டில் இல்லாத ஒன்றை உடுவிலில் கேட்டேன். உடுவில் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கியதுதான் கந்தரோடை. போல் ஈ. பீரிஸ் 1917 அளவிலும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் 1970இலும் ஆராய்ந்த இடம். ரோம நாணயங்களும், அரிக்கமேட்டில் கிடைத்தது போன்ற வளையக் கோலமிட்ட மெல்லிய மட்கலங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தச் செம்மண் தோட்டங்களில் மழை பெய்தால் ஓடு மினுங்கும். வெங்காயம் செய்யும் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“கொத்திற இடமெல்லாம் ஓடுதான் தம்பி. பொறுக்கி வரம்பிலை வைக்கிறது. படிச்ச ஆக்கள் வந்தாக் காட்டுறது.”

“இதெல்லாம் உங்கடைதானே ஐயா?” என்று கேட்டேன்.

“தோட்டம் என்ரை. ஓடு என்ரையெண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆரோ சமைச்சுத் திண்ட சட்டியல்லோ.”

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்தடியில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்கே உரியது. அவர் சட்டத்தைச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

பிறகு பேச்சு 1995க்குப் போயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. உடுவிலும் அதில் அடக்கம். அவர்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போனார்களாம். மறுவருடம் திரும்பி வந்தபோது சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே அவர்களுடையதல்லாத ஒரு செம்பு இருந்தது. பெயர் வெட்டிய செம்பு. எழுத்துத் தேய்ந்துபோய் வாசிக்க முடியவில்லை. “ஆரெண்டு தெரியேல்லை. அக்கம்பக்கமெல்லாம் கேட்டுப் பாத்தம். வைச்சிருக்கிறம் தம்பி, பாவிக்கிறேல்லை” என்றார்.

தவறிய பொருளைக் கண்டெடுத்தவன் அதன் அடையாளத்தை அறிந்துவைத்து ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்று நமது பிக்ஹு கற்பிக்கிறது. அந்த அவகாசம் முடிந்து எத்தனையோ வருடங்களாகியும் அந்த முதியவர் அச்செம்பில் தண்ணீர் அள்ளவில்லை. அமானத் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஒக்டோபர் 30, அதற்கு ஐந்து வருடம் முன்னர், 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நாள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவில் அன்று எத்தனை அடுப்பில் பானை இருந்தது, எத்தனை வீட்டில் சஹன் அடுக்கப்பட்டிருந்தது என்று எந்த அறிக்கையும் எண்ணவில்லை. பாத்திரம் பெரிய விடயமா என்று கேட்கலாம். வீடும் காணியும் கடையும் போனவர்களுக்குத் தட்டு ஒரு கணக்கா? கணக்குத்தான். காணிக்கு உறுதி உண்டு, நீதிமன்றம் போகலாம். உம்மாவின் சீதனத்தில் வந்த பீங்கான் கோப்பைக்கு உறுதி ஏது? அதைக் கேட்டு எவரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆகவே அது இப்போது வைத்திருக்கிறவரின் மனச்சாட்சியில் மட்டுமே வாழ்கிறது.

நமது சமூகத்தில் இந்த இழப்பைப் பற்றி எழுதுகிறபோது பொதுவாக இரண்டு குரல்கள் எழும். ஒன்று, எல்லாவற்றையும் மறந்து மன்னிக்கச் சொல்லும். மற்றது, இழந்தது ஒவ்வொன்றையும் நெருப்பாக வைத்துக் காக்கச் சொல்லும். நான் தொடங்கிய ஹதீஸ் இரண்டையும் சொல்லவில்லை. அங்கே முதலில் மன்னிப்பு இல்லை, தண்டனையும் இல்லை. முதலில் ஒரு முழுப் பாத்திரம் கை மாறுகிறது. அடுத்து, உடைந்தது மறைக்கப்படவில்லை, தெருவில் எறியப்படவுமில்லை. உடைந்த வீட்டில், கண்ணுக்குத் தெரிய இருக்கிறது. ஈடு செய்தலும் நினைவில் வைத்தலும் இரண்டுமே உடைத்த பக்கத்தின் கடமை. இழந்தவரிடம் முழுமையானது போய்ச் சேர வேண்டும். துண்டுகளைக் காலமெல்லாம் சுமக்கும் வேலை அவருடையதல்ல. நாம் எழுத்தாளர்கள் இத்தனை வருடமாகத் துண்டுகளை நாமே சுமந்துகொண்டிருக்கிறோம். அது நம்மேல் விழுந்த வேலை, நமக்குரிய வேலை அல்ல.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். நம் கையால் உடைந்தவையும் உண்டு. சொத்துப் பங்கிடும்போது சகோதரிக்குக் கொடுக்காமல் விட்டது, கடன் வாங்கியவனின் உள்ளத்தைச் சபையில் உடைத்தது, வலீமா விருந்தில் பிரமுகருக்கு ஒரு தட்டும் ஏழைக்கு வேறொரு தட்டும் வைத்தது. விருந்து மண்டபங்களில் சஹன் மெல்ல மெல்ல மறைந்து, தங்க விளிம்பிட்ட தனித்தட்டுகள் ‘விசேட’ மேசைகளில் மட்டும் வைக்கப்படுவதைப் பார்க்கிறோம். உள்ளும் புறமும் மஞ்சளான கிண்ணத்துக்கும் அந்த மேசைக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. முழுமையை நமக்கு வைத்து உடைசலைப் பிறருக்கு அனுப்பும் ஒவ்வொரு இடத்திலும் நாம் ஜிங்டெஜென்னின் சூளை வளவில் நிற்கிறோம்.

பேரரசரின் சிவப்பு அழகானதுதான். அதைச் செய்த குயவனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கைக்கு என் மரியாதை. ஆனால் ஒரு பாத்திரத்தின் மதிப்பை யாராவது என்னிடம் கேட்டால் நிறத்தையோ முத்திரையையோ விலையையோ சொல்ல மாட்டேன். அதைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்தார்கள், அது உடைந்தபோது துண்டுகளை யார் பொறுக்கினார்கள் என்ற இரண்டையும் திருப்பிக் கேட்பேன்.